கிரகணத்துக்கு ஊர் நேரம் கிடையாது

நேயர்களுக்கு வணக்கம். 2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். எத்தனை மணிக்கு மாடிக்குப் போகலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்குவதில்லை. சந்திர கிரகணத்துக்கு ஊருக்கு ஒரு நேரம் கிடையாது!

மதுரையில் இத்தனை மணிக்குத் தொடங்கும், சேலத்தில் இத்தனை மணிக்குத் தொடங்கும் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். நம்பாதீர்கள். பூமியின் நிழல் நிலாவின் மேலேயே விழுகிறது. டிரான்ஸ்பார்மரை நிறுத்தினால் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் விளக்கு அணைகிறதல்லவா, அதே கணக்குதான். நிலா யார் யாருக்குத் தெரிகிறதோ அத்தனை பேருக்கும் ஒரே கணத்தில் இருள்கிறது. சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும் அதே நிமிஷம்.

சூரிய கிரகணம் வேறு கதை. அங்கே நிலாவின் நிழல் பூமியின் மேல் ஓடுகிறது. ஊர் ஊராகப் போகும், நேரமும் மாறும், காட்சியும் மாறும். 2019 டிசம்பர் 26 அன்று கோவைக்காரர்கள் சூரியனை வளையமாகப் பார்த்தார்கள், சென்னைக்காரர்களுக்கு வளையம் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அந்தப் பட்டியலே பிறக்கிறது.

சரி, அப்படியானால் ஊருக்கு ஊர் எதுதான் மாறுகிறது? சந்திரோதயம். அது ஒன்றுதான். போன செப்டம்பர் 7ஆம் தேதி இந்தக் கவலையே இல்லை. இரவு 11.01க்கு முழுவதும் மறைந்த நிலா 12.23 வரை உச்சியில் சிவந்து நின்றது. இந்த முறை அப்படி இல்லை. மதியம் 3.20க்கே தொடங்கிவிடுகிறது. முழு மறைப்பு 4.34 முதல் 5.33 வரை. நமக்கு அப்போது நிலா அடிவானத்துக்குக் கீழே. அந்தமானிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் சில இடங்களில் இருப்பவர்களுக்கு அதன் வால் பகுதி கிடைக்கும். நிழல் முழுதாக விலகுவது 6.47க்கு. மறுபடியும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 6.47, எல்லா ஊருக்கும்.

சென்னையில் நிலா எழுவது ஆறேகாலை ஒட்டி. அதாவது அரை மணி நேரம் கையில் இருக்கிறது. கோவையில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாகத்தான் எழும், அங்கே அவ்வளவு குறைகிறது. போதாக்குறைக்குக் கிழக்கே கட்டடமோ குன்றோ இருந்தால் சுத்தமாகப் போச்சு. 2021 மே 26 அன்று சென்னையிலேயே நிலா எழுவதற்குச் சில நிமிஷம் முன்பு நிழல் விலகிவிட்டது. 2022 நவம்பர் 8 அன்று நாற்பது நிமிஷம் போலக் கிடைத்தது.

எழுகிற நிலாவைக் கவனித்துப் பாருங்கள். கீழ்ப்பக்கம் வெளிச்சமாக இருக்கும், மேல்பக்கம், கொஞ்சம் இடது கைப்புறமாக, மங்கியிருக்கும். நிலா கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலிலிருந்து வெளியேறுகிறது. உதயத்தின்போது கிழக்கு என்பது கீழே. அதனால் கீழ்ப்பகுதி முதலில் விடுபடுகிறது. வெறும் கண்ணால் பார்க்கலாம், எந்தக் கண்ணாடியும் வேண்டாம். சாப்பிடலாமா, குளிக்க வேண்டுமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இந்த நேரங்களை இன்று கணினி போட்டுத் தருகிறது. முன்பு எப்படிப் போட்டார்கள்? எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் எழுதி வைத்தது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் அவர் எதிரில் உட்கார்ந்து 1825 மே 31 இரவுக்கான சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணை? எல்லாம் மனப்பாடம்! எண்களையே எழுத்துகளாக மாற்றிக் கோத்த வாக்கியங்கள். சந்திரனுக்கு மட்டும் 248, நாளுக்கு ஒன்று. வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் வாங்குகிறோமே, அந்த வாக்கியம்தான். வாயில் வாக்கியம் ஓடுகிறது, கை சோழியை நகர்த்துகிறது. தொடக்கத்தில் நான்கு நிமிஷம்தான் பிழை! நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52. இதில் வேடிக்கை, அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்கிறார் வாரன். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். யாரோ எப்போதோ போட்ட கணக்கு, அதைப் புரிந்துகொள்ளாதவர் நாவிலேயே பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு நிமிஷத்தைக் குறை சொல்கிறவர்கள் ஒருமுறை சோழி வைத்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் பாக்கி. செல்போனில் படம் எடுப்பது பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக, ஃபிளாஷை அணையுங்கள், போனை எதிலாவது சாய்த்து வையுங்கள். அப்புறம், வருகிற ஆகஸ்ட் 28 கிரகணம் நமக்குக் காலை வேளை, தெரியாது. இரவில் வரும் முழுக் கிரகணம் வேண்டுமென்றால் 2028 டிசம்பர் 31. இரவு பத்து மணிக்கு நிலா முழுதும் நிழலுக்குள் இருக்கும், ஊர் எதுவானாலும். வணக்கம்.