அம்மாயியின் பிஸ்கட் டின்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்துப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். பெரிய பெயர்கள் நமக்கு இல்லாமல் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளரைச் சேர்த்தவர். அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் எங்கள் அம்மாயியைப் பற்றியே பேசப் போகிறேன். அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஆறு பிள்ளைகள் பெற்று நாலைக் காப்பாற்றியவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அம்மாயிதான். "சமூக சேவை செய்தவர்" என்று நிகழ்ச்சிக் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். அம்மாயி இதைக் கேட்டால் "அது யாருடி?" என்று கேட்டிருப்பார்.

அவர் செய்த வேலை என்னவென்று சொல்ல வேண்டுமென்றால் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். சதுர டின். ஊசி, நூல், பொத்தான் என்று எதையாவது போட்டு வைத்திருப்பார்கள். அம்மாயியின் டின்னில் மேலே இருந்த படமெல்லாம் உரிந்து வெறும் தகரமாகிவிட்டது. கொழுந்து மலைக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற ரப்பர் சீட் இருக்கிறதே, அதில் கிழிந்த துண்டு ஒன்றைச் சுற்றி, சணல் கயிறு கட்டி, காம்பராவில், அதாவது லயத்து அறையில், அட்டலுக்கு மேலே வைத்திருப்பார். உள்ளே நகை நட்டு ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் துண்டு. பிறப்புத் துண்டு. படித்தவர்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் அது துண்டுதான். தன் பிள்ளைகளின் துண்டு மட்டுமல்ல, லயத்தில் பாதிப் பேரின் துண்டு அதற்குள் இருந்தது. மழை ஒழுகும் கூரை, எலி, குடிகார அப்பன்மார், இவர்களை நம்பித் துண்டை வீட்டில் வைக்க முடியாது என்று கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் துண்டு யாருடையது என்று தெரியும். மடிப்பு, கறை, ஓரத்தில் போட்ட முடிச்சு நூல், இப்படி ஏதோ ஒரு கணக்கு. ஒருமுறைகூட அவர் மாற்றி எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஏன் இப்படி ஒரு பைத்தியம்? இளம் நேயர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் பிறந்தவன் என்று சொன்னால் மட்டும் போதாது, உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உன் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதைக் காட்டு என்றது சட்டம். எதைக் காட்டுவது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், படங்குச் சாக்கின் மேல் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் துண்டு எழுதினார்கள்? அம்மாயியின் அப்பா இங்கேதான் பிறந்தவர், ஹப்புத்தளைப் பக்கம். பிறந்த மலையைக் கை நீட்டிக் காட்டக்கூடியவர். கையில் காகிதம் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது.

அப்புறம் 1964, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். நிறுத்துப் போட்ட கொழுந்து மாதிரி. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பயணம் வருவதற்குள் இறந்துபோனார். அம்மாயி போகவில்லை. போகாததால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டது.

சரி, டின்னுக்கு வருகிறேன்.

தோட்டத்தில் மருத்துவிச்சி இருந்தார், டிஸ்பென்சரி இருந்தது. ஆனால் வலி ராத்திரியில்தானே வரும். ராத்திரியில் அழைப்பது அம்மாயியை. லாந்தரைத் தூக்கிக்கொண்டு போவார். விடியும்போது வெந்நீர் வைத்து, தாய்க்குச் சாயத்தண்ணி கொடுத்து, பிள்ளையைச் சுற்றி வைத்துவிட்டு, புறப்படும் முன் அப்பனைப் பார்த்து ஒரே கேள்வி: "துண்டு எப்ப எழுதப் போற?"

பேர் வைக்கட்டும் அம்மாயி என்பார்கள். "பேரு அப்புறம், மொதல்ல துண்டு." சாமி கும்பிட்டுட்டு வர்றேன் என்பார்கள். "சாமி ஓடிப் போகாது. நாப்பத்திரண்டு நாளுதான் இருக்கு." பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அம்மாயிக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். அன்றிலிருந்து தினமும் கேட்பார். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பத்துப் பேர் முன்னால் கேட்பார். வெட்கத்துக்காகவே போய் எழுதிவிட்டு வந்தவர்கள் உண்டு.

எழுதினாலும் பாதி வேலைதான் முடிந்தது. பெயர் இருக்கிறதே, அது தனிக் கதை. நம்முடைய பெயரை நம்முடைய மொழி தெரியாதவர் காதில் வாங்கி, வேறொரு எழுத்தில் எழுதினால் என்ன ஆகும்? முனியாண்டி முனாண்டி ஆவார். பேச்சாயி பெச்சி ஆவாள். ஒரே அப்பாவுக்கு மூன்று பிள்ளைகளின் துண்டில் மூன்று பெயர். நான் 33 வருடம் ஆசிரியையாக இருந்தேன். சாதாரண தரப் பரீட்சை வருகிற ஒவ்வொரு வருடமும் அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பும்போது, வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை அழும். துண்டே இல்லை, அல்லது துண்டில் இருப்பது இந்தப் பிள்ளையின் பெயர் இல்லை. நான் இதை எத்தனையோ கூட்டத்தில் சொல்லியாயிற்று, இங்கேயும் சொல்கிறேன். எழுதிய துண்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாயி என்னை அதற்காகவே இழுத்துக்கொண்டு போவார். எட்டு வயதுப் பிள்ளை நான். "எங்க, சத்தமா வாசி" என்பார். எழுதுகிறவர் முறைப்பார். அம்மாயி அவர் பக்கம் திரும்பவே மாட்டார்.

ஒரே ஒரு பிறப்பில் அம்மாயி ஏமாந்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1990. எங்கள் லயத்துப் பையன் ஒருவன், பதினாறு வயது, கொழும்பில் ஒரு கடையில் வேலை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லாமல் தமிழ்ப் பையன் கொழும்பில் தெருவில் நடப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐசிக்குத் துண்டு வேண்டும் என்று ஓடி வந்தான். டின்னைத் திறந்தால் அவன் துண்டு இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் அவன் அப்பன் "எழுதிட்டேன் அம்மாயி, வீட்டுல பத்திரமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். சுத்தப் பொய். அந்த மனிதர் செத்தும் போய்விட்டார். அம்மாயி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார், உடனே திட்டுவார்.

காலங்கடந்த பதிவுக்குச் சாட்சி வேண்டும். அம்மாயி, நான், பையன் மூவரும் பஸ் ஏறிப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் களைப்பில் இருந்தார்.

"எந்த வருஷம் பிறந்தான்?"

"வருஷம் தெரியாதுங்க."

"மாதம்?"

"மாசி. காமன் ஊன்டி மூணாம் நாளு."

காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிற நாளைத்தான் அம்மாயி சொன்னார். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மாயி நிறுத்தவில்லை. "அன்னைக்கு ஏழாம் நம்பர் மலையில கொழுந்துங்க. இவன் ஆத்தா மத்தியானமே வயித்த வலிக்குதுன்னு எறங்கிட்டா. அரைப் பேருகூடப் போட மாட்டேன்னு சின்னக் கணக்கப்பிள்ளை நின்னாரு. நான் சண்ட போட்டு அரைப் பேரு வாங்கிக் குடுத்தேன். அரிசி மாவு ஒன்னுமில்லாம கெழங்கும் கீரையும் தின்னமே, அந்தப் பஞ்ச வருஷம். அந்த மாசி."

அரைப் பேரு என்றால் அரை நாள் சம்பளம். பஞ்ச வருடம் என்றால் எங்கள் ஆட்களுக்கு 1973, 74. தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்த காலம். வேலைக்கு வந்தவர்களின் பேரை நாள்தோறும் பதிகிற தோட்டத்துப் பழைய செக்ரோல் புத்தகம் இருந்தால் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று அவர் சொல்லிவிட்டார். பழைய கம்பெனி போய், தோட்டம் அரசாங்கத்துக்கு வந்து, கை மாறியிருந்த நேரம். பழைய புத்தகங்கள் ஸ்டோரில் உரச் சாக்குக்குக் கீழே கிடந்தன. பெரிய கணக்கப்பிள்ளை காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, நானும் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினோம். 1974 மாசி கிடைத்தது. பாதிப் பக்கம் கறையான். மீதிப் பாதியில் அவன் தாயின் பெயர். வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டு வந்து, ஒரு நாளில் மட்டும் அரை. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்.

அடுத்த முறை போனபோது அவர் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை எடுத்து, சாட்சி என்ற இடத்தைக் காட்டி, "உங்கள் ஐசியைக் கொடுங்கள்" என்று அம்மாயியிடம் கையை நீட்டினார்.

அம்மாயிக்கு ஏது ஐசி? நாடே இல்லாத மனுஷி.

கடைசியில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் எனக்கு ஐசி இருந்தது. அந்தப் பையன் பிறந்த ராத்திரி நான் நல்ல தூக்கத்தில் இருந்திருப்பேன். பதிவில் இருப்பது என் பெயர். வெளியே வந்ததும் அம்மாயி "சத்தமா வாசி" என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று வாசித்தேன். இரண்டு தரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். இந்தக் கதையைத் தொடங்கினால் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே போட வேண்டும், மாதக் கடைசியில் சாவு வீட்டுக்கோ பிள்ளை பெற்ற வீட்டுக்கோ போகும். இதை அம்மாயி நடத்தினார். பஞ்சத்தில் மட்டும் நின்றது. மாதர் சங்கத்தில் இருந்தார். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்தபோது, முதல் சம்பள நாளில் காசை மூன்று தரம் எண்ணினார். 2003இல் சட்டம் வந்து அவருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது வயது 80க்குப் பக்கம், சரியாகச் சொல்ல அவருக்கென்று ஒரு துண்டு இருந்ததில்லை. கிடைத்த காகிதத்தை மடித்து டின்னில் போட்டார். மூன்று வருடம் கழித்துப் போய்விட்டார். அவர் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருக்கிறேன், அது இருக்கட்டும்.

இந்த டின் இப்போது என் மடியில் இருக்கிறது. பெரும்பாலான துண்டுகளை உரியவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். ஏழு மிச்சம். எழுபதுகளில் அழுகைக் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளுடையவை. "அங்க இது எதுக்கு அம்மாயி" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். "திரும்பி வந்தா கேப்பீங்க" என்று வாங்கி வைத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது இருக்கும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம். அவர்களுடைய சொந்தக்காரர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஏழு பெயரையும் வாசிக்க வேண்டும் என்றுதான் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் துண்டைப் பிரித்தும்விட்டேன். நேரம் முடிந்தது என்கிறார்கள். பெயர்களை நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன், என் முகவரியும் அவர்களிடம் இருக்கிறது. வணக்கம்.