முதல் ஈமெயில்: எதைப் போட்டுக் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் அம்மாவோ, ஓய்வுபெற்ற மாமாவோ இப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு ஈமெயில் பார்க்க எதைப் போட்டுக் கொடுப்பது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

பெரும்பாலும் நமக்குப் பழகியதையே போட்டுக் கொடுத்துவிடுகிறோம். மெயில், காலண்டர், அரட்டை எல்லாம் ஒரே திரையில். புதியவருக்கு வேண்டியதோ நான்கே நான்கு: வந்ததைப் படிக்க வேண்டும், பதில் போட வேண்டும், புதிதாக ஒன்று எழுத வேண்டும், கூடவே வந்த கோப்பைத் திறக்க வேண்டும். இந்த நான்கும் தேடாமல் கண்ணில் படுகிறதா? அதை மட்டும் பாருங்கள்.

விண்டோஸோடு வந்த மெயில் என்ற சின்னச் செயலி பலருக்கும் பழகியிருந்தது. 2024 டிசம்பர் 31-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த இடத்துக்குப் புதிய அவுட்லுக் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் இருப்பவருக்கு அதில் பொத்தான்கள் அதிகம் என்பது என் கருத்து. எனக்குச் சரியாகப் படுகிறவை இரண்டு: பிரவுசருக்குள்ளே ஜிமெயில், தனி மென்பொருளாகத் தண்டர்பேர்ட்.

பிரவுசரில் ஏற்கெனவே செய்தி படிக்கிறவர் என்றால் ஜிமெயிலே போதும். ஆனால் அப்படியே கொடுக்காதீர்கள். ஒரு மெயிலைத் திறந்தால் மேலே வரிசையாகப் படங்கள் இருக்கும். கீழ்நோக்கி அம்பு போட்ட பெட்டி, ஆச்சரியக்குறி, குப்பைத்தொட்டி. எது எதற்கு என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? அம்பு போட்ட பெட்டியில் கை பட்டால் மெயில் இன்பாக்ஸை விட்டுப் போய்விடும். அது அழியவில்லை, 'ஆல் மெயில்' என்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அவரோ தொலைந்தது என்றே நினைத்துக்கொள்வார்.

அதனால் பல்சக்கரப் படத்தை அழுத்தி முழு செட்டிங்ஸுக்குப் போங்கள். முதல் பக்கத்திலேயே மூன்று மாற்றங்கள். பொத்தான்களில் படத்துக்குப் பதில் எழுத்து வரும்படி வையுங்கள். ஒரே தலைப்பில் வந்த மெயில்களை அடுக்கிக் காட்டும் 'கான்வர்சேஷன் வியூ'வை நிறுத்துங்கள். அனுப்பியதைத் திரும்பப் பெற 5 விநாடிதான் தருவார்கள், அதை 30 ஆக்குங்கள். கடைசியாக, பக்கத்தின் அடிவரை இறங்கி 'சேவ்' கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, செய்த மாற்றம் பிடிக்கவில்லையே என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

சிலருக்குப் பிரவுசரே குழப்பம். பத்து டேப் திறந்து கிடக்கும், மெயில் எதில் என்று தெரியாது. அவர்களுக்குத் தண்டர்பேர்ட். காசு கிடையாது. ஒரு படத்தை அழுத்தினால் மெயில் மட்டும் வரும். இதிலும் ஒரு விஷயம் உண்டு. மெயில் பட்டியலை அட்டவணையாக வைத்தால், மேலே தலைப்பு, அனுப்பியவர், தேதி என்று கட்டங்கள் இருக்கும். 'தலைப்பு' என்ற கட்டத்தில் தெரியாமல் மவுஸ் பட்டால் போதும், பட்டியல் அகரவரிசைக்கு மாறிவிடும். இன்றைக்கு வந்த மெயில் நடுவில் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். "ஒரு வாரமாக எனக்கு மெயிலே வரலப்பா" என்று போன் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். தேதிக் கட்டத்தை அழுத்தினால் சரியாகிவிடும், புதியது அடியில் போனால் இன்னொரு முறை அழுத்துங்கள். ஒவ்வொரு மெயிலையும் ஒரு சின்ன அட்டைபோலக் காட்டும் 'கார்ட்ஸ் வியூ'வுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கட்டங்களே இருக்காது, தொல்லையும் இல்லை.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்லும் விஷயம். கணக்கைச் சேர்க்கும்போது 'ஐமேப்' அல்லது 'பாப்' என்று கேட்கும். ஐமேப் போடுங்கள். பாப் என்பது, தபால் ஆபீசில் வந்து கிடக்கும் கடிதங்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வருவது மாதிரி. அமைப்பைப் பொறுத்து, அங்கே நகல்கூட மிஞ்சாமல் போகலாம். அப்புறம் கம்ப்யூட்டர் கெட்டால் கடிதமும் போச்சு, போனில் தேடினாலும் கிடைக்காது. ஐமேப் என்றால் கடிதம் தபால் ஆபீசிலேயே இருக்கிறது, எங்கிருந்து எட்டிப் பார்த்தாலும் அதே கடிதம். அதனால்தான் ஐமேப் என்கிறேன். ஆனால் ஒன்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்: போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும். ஜிமெயிலில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

தண்டர்பேர்டில் ஜிமெயிலைச் சேர்க்கும்போது கூகுளின் சொந்த ஜன்னல் திறந்து பாஸ்வேர்டு கேட்கும். அதுதான் சரியான முறை. பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றுகின்றன. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழி 2022-லேயே மூடப்பட்டுவிட்டது.

கோப்பு அனுப்புவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரை சேர்க்கலாம். கணக்குக்கு இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் போனிலிருந்து கூகுளில் சேமிக்கும் போட்டோக்களுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் புது மெயில் வந்து சேராது. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கணக்கை மீட்பதற்கான எண்ணாக அவர் கையில் இருக்கும் போன் எண்ணையே கொடுங்கள். அந்த எண் மாறினால் அன்றைக்கே இங்கேயும் மாற்றிவிடுங்கள். வணக்கம்.