சகலாசோஸ்: ஆந்தை கக்கிய சான்று

அவையோருக்கு வணக்கம். அகழாய்வு என்றதும் சிலைகளும் பொற்காசுகளுமே நம் நினைவுக்கு வரும். துருக்கியின் தென்மேற்கே, டாரஸ் மலைகளில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சகலாசோஸ் நகரில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் வால்கென்ஸ் தலைமையில் 1990 முதல் நடந்த அகழாய்வில், 2007ஆம் ஆண்டு, ரோமானியர் காலக் குளியல் மாளிகையின் இடிபாடுகளிலிருந்து பேரரசர் ஹாட்ரியனின் பளிங்குத் தலை வெளிப்பட்டது. தலை மட்டுமே 70 சென்டிமீட்டர். மறு ஆண்டு பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் தலையும் கிடைத்தது. ஆனால் நான் இன்று பேச வந்திருப்பது, அதே மாளிகையில் கிடைத்த எலி எலும்புகளைப் பற்றி. நிலநடுக்கத்தில் இந்த நகரம் ஒரே நாளில் அழிந்தது என்றொரு கதை உண்டு; அதை இந்த எலும்புகள் மறுக்கின்றன.

மாளிகையின் இடிபாட்டு அடுக்குகளில் எலி முதலிய சிறு பிராணிகளின் எலும்புகள் குவியலாகக் கிடந்தன. அவை கொம்பன் ஆந்தை தின்ற இரையின் மிச்சம் என்று விலங்கெலும்பு ஆய்வாளர்கள் கண்டனர். ஆந்தை, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். மயிர் மக்கிப்போக, எலும்பு மட்டும் தங்கும். அடுப்பு எரிந்து, ஆள் புழங்கும் குளியலறையில் அந்தப் பறவை குடியேறாது. அப்படியானால், நிலநடுக்கம் கூரையை வீழ்த்துவதற்கு முன்பே அங்கே மனிதர் வருகை நின்றுபோயிருந்தது என்றாகிறது. ஒரே நாளில் அழிந்த நகரம் என்ற கதை கேட்பதற்குச் சுவையானதுதான். எலி எலும்பு அதை ஒப்பவில்லை. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், கி.பி. 541இல் தொடங்கிய கொள்ளைநோய் பேரரசையே உலுக்கியதையும், மனிதர் வருகை நின்றதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று, இங்கே சேர்த்து எண்ண வேண்டும். சிலைக்காக மட்டும் தோண்டியிருந்தால், இந்த எலும்புகள் கழிவு மண்ணோடு கூடையில் போயிருக்கும்.

மக்கள் விட்டுப்போனதில் ஒரு நன்மையும் விளைந்தது. பிற்காலத்தில் அந்த இடிபாடுகளின்மேல் பெரிய ஊர் எதுவும் எழவில்லை. மலைச்சரிவிலிருந்து இறங்கிய மண்ணே பெரும்பகுதியை மூடிக் காத்தது. மேல் சந்தைவெளியின் வடபுறத்தில், 2ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சுமார் 28 மீட்டர் அகல நீரூற்று மாளிகையின் கற்களும் அவ்வாறே எஞ்சின. அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தி எழுப்ப ஆண்டுகள் பல பிடித்தன. 2010இல் அதன் தொட்டியில் மீண்டும் தண்ணீர் விழுந்தது.