நடுவராக நின்ற கேப்டன்

வணக்கம், நேயர்களே.

நான் விமானி அல்ல. விமானப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புறப்படத் தயாராக நிற்கும் விமானத்தின் சக்கரத்தருகே குனிந்து, எங்கேயாவது கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் ஆள். என் வேலை உடையில் எப்போதும் ஊதா நிறக் கறை இருக்கும். நாங்கள் கையாண்ட ஹைட்ராலிக் திரவம் ஊதா நிறம். நகக்கண்ணில் சின்னக் கீறல் இருந்தால் போதும், மிளகாய் தேய்த்ததுபோல் எரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை ஓடி வரும்; இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தூக்குவேன்.

அந்தத் திரவம்தான் பெரிய விமானத்தின் ரத்தம். விமானியின் கையிலுள்ள சுக்கானை நேரே இறக்கையோடு இணைக்கும் கம்பி எதுவும் பெரிய விமானங்களில் போதாது. காற்றின் எதிர்ப்பை மீறி அந்தக் கனத்த தகடுகளை அசைக்கக் குழாய்களுக்குள் அழுத்தத்தோடு ஓடும் திரவம் வேண்டும். அது போனால் எல்லாம் போயிற்று. அதனால்தான் டிசி-10 என்ற மூன்று இன்ஜின் பயணிகள் விமானத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகளை வைத்தார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் போகவே போகாது என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

1989 ஜூலை 19 அன்று ஒரு டிசி-10 விமானத்தில் மூன்றும் போயின. அன்று அந்த விமானத்தின் கேப்டனாக இருந்தவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பாரிஸ் என்ற சிற்றூரில் 1931இல் பிறந்தவர். பெயர் ஆல் ஹேன்ஸ். கடற்படையின் பயிற்சித் திட்டத்தில் பறக்கக் கற்று, மரைன் படையில் பணியாற்றி, 1956இல் யுனைடெட் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று சியாட்டில் பக்கம் அமைதியான குடும்பம். விபத்து நடந்தபோது அவருக்கு வயது 57. ஏறக்குறைய 30,000 மணி நேரம் பறந்திருந்தார்.

டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன 232ஆம் விமானம். உள்ளே 296 பேர். அவர்களில் 52 பேர் குழந்தைகள். 37,000 அடி உயரத்தில், பகல் மூன்றேகால் மணியளவில், வால் பகுதியிலிருந்த இன்ஜினின் முன்விசிறித் தட்டு உடைந்து சிதறியது. டைட்டானியம் வார்க்கும்போதே உலோகத்துக்குள் ஒளிந்துகொண்ட சிறு குறை, ஆண்டுக்கணக்கில் விரிசலாக வளர்ந்திருந்தது. பரிசோதனையில் அது கண்ணில் படவில்லை. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். விரிசல் தேடுவது எங்கள் தொழில் அல்லவா? சிதறிய துண்டுகள் வாலுக்குள் ஓடிய குழாய்களை அறுத்தன. சற்று நேரத்தில் மூன்று அமைப்புகளிலும் அழுத்தம் பூஜ்யம்.

துணை விமானி பில் ரெகார்ட்ஸ் சுக்கானை முழுக்க இடதுபுறம் திருப்பிப் பிடித்திருக்கிறார். விமானமோ வலதுபுறம் சாய்ந்துகொண்டே போகிறது. இடப்பக்க இன்ஜினின் விசையைக் குறைத்து, வலப்பக்கத்தைக் கூட்டி, கவிழ இருந்ததைத் தடுத்தார் ஹேன்ஸ். மிஞ்சியது அவ்வளவுதான்: இரண்டு இறக்கைகளிலும் இருந்த இரண்டு இன்ஜின்கள், அவற்றின் விசையைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கைப்பிடிகள்.

அப்போது பயணிகள் பகுதியிலிருந்து செய்தி வந்தது: டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒருவர் பயணியாக உட்கார்ந்திருக்கிறார், உதவத் தயார் என்கிறார். அவர் டென்னி ஃபிட்ச். "அவரை வரச் சொல்லுங்கள்" என்றார் ஹேன்ஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கேப்டன் சொன்னால் மறுபேச்சு இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கத்தால் விமானங்களே விழுந்திருக்கின்றன. 1980 வாக்கில் யுனைடெட் நிறுவனம் அதை மாற்றும் பயிற்சியைத் தொடங்கியது: கேப்டன் கேட்க வேண்டும், மற்றவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். 1991இல் நாசாவின் டிரைடன் மையத்தில் பேசும்போது ஹேன்ஸ் இதைத்தான் விளக்கினார். விபத்தன்று விமானி அறையில் இருந்த ஹேன்ஸ், ரெகார்ட்ஸ், ஃபிட்ச், விமானப் பொறியாளர் டட்லி டிவோராக் என்ற நால்வருக்குமாகச் சேர்த்து 103 ஆண்டு பறந்த அனுபவம் இருந்தது. அதில் ஒரு நிமிடம்கூட இப்படி ஒரு நிலைமைக்குப் பயிற்சி எடுத்ததல்ல. அப்படியிருக்க மற்ற மூவரையும்விட எனக்கு மட்டும் அதிகமாக என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டார். தலைமை ஆசிரியர், மேலதிகாரி, வீட்டுப் பெரியவர் என்று எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம். எத்தனை பேர் இப்படிக் கேட்டிருக்கிறோம்?

ஃபிட்ச் வந்தார். உட்கார இடமில்லாமல் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே மண்டியிட்டு, கைக்கொன்றாக அந்த இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டார். அலையில் ஏறி இறங்கும் தோணி மாதிரி விமானம் மூக்கைத் தூக்கும், தாழ்த்தும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அவர் முந்திக்கொண்டு விசையை மாற்ற வேண்டும். பொறியாளர் டிவோராக் தரையிலிருந்த பராமரிப்புப் பிரிவோடு பேசிக்கொண்டேயிருந்தார். தரையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றுமா போய்விட்டன என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பீர் குடிப்போம் என்றார் ஃபிட்ச். நான் குடிப்பதில்லை, ஆனால் இன்று கட்டாயம் குடிப்பேன் என்றார் ஹேன்ஸ். அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையக் கட்டுப்பாட்டாளர், எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, ஹேன்ஸ் சிரித்துவிட்டுக் கேட்டார்: "ஓடுபாதையாகத்தான் இருக்க வேண்டுமா?" இந்தப் பேச்சுகள் எல்லாம் ஒலிப்பதிவில் இருக்கின்றன. சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும் குரல்களில் ஒரு பதற்றம் இல்லை.

44 நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு, பயன்பாட்டில் இல்லாமல் மூடிக்கிடந்த ஓடுபாதைக்கு நேரே வந்தார்கள். அதன் மேல் நின்ற தீயணைப்பு வண்டிகள் அவசரமாக விலகின. மணிக்கு 260 கிலோமீட்டர் அளவில் இறங்க வேண்டிய விமானம் 400 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டது. வலது இறக்கையின் நுனி முதலில் இடித்தது. விமானம் உடைந்து, தீப்பற்றி, உருண்டு, ஒரு பெரும்பகுதி மக்காச்சோள வயலுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தது. விமானி அறை தனியே பிய்ந்து, இடுப்பளவுக்கு நசுங்கிய தகரக் குவியலாகக் கிடந்தது. உள்ளே நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள்.

உலகம் அவரை வீரர் என்றது. அவர் அந்தச் சொல்லைத் தன் பக்கத்தில் அண்டவே விடவில்லை. 112 பேரைக் கொண்டு சேர்க்க முடியவில்லையே என்பது அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மனநல ஆலோசனை பெற்றார். அதை மறைக்கவும் இல்லை. சில மாதங்களில் மறுபடியும் விமானி இருக்கையில் உட்கார்ந்தார். 1991 ஆகஸ்டில், அன்றைய சட்டப்படி 60 வயதானதும் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது 28 ஆண்டுகள். என்னைக் கேட்டால், அந்த 44 நிமிடங்களைவிட இந்த 28 ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

ஊர் ஊராகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் அந்த விபத்தைப் பற்றிப் பேசினார். விமானிகள், தீயணைப்பு வீரர்கள், மருத்துவமனை ஊழியர்கள் என யார் அழைத்தாலும் போனார். ஒவ்வொரு பேச்சிலும் அடுத்தவர்களுக்கே நன்றி. சமவெளி மேல் பறந்தது அதிர்ஷ்டம். வானம் தெளிவாக இருந்தது, பகலாக இருந்தது அதிர்ஷ்டம். சூ சிட்டி மருத்துவமனைகளில் அப்போது ஷிஃப்ட் மாறும் நேரம். வீட்டுக்குக் கிளம்பியவர்களும் வேலைக்கு வந்தவர்களும் ஒன்றாக இருந்தார்கள். விமானத் தேசியக் காவல்படையின் 285 பேர் அன்று நிலையத்திலேயே பணியில் இருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் 1987இலேயே விமானம் விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். இத்தனையையும் சொல்வார். தன் கையைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

வீட்டில் துயரம் வரிசையாக வந்தது. 1996இல் மூத்த மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். 1999இல் மனைவி போய்விட்டார். பிறகு மகளுக்கு, உடலில் ரத்தமே ஊறாமல் போகும் கொடிய நோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் வழி என்றார்கள். காப்பீட்டை மீறிய செலவு. மூன்று பிள்ளைகளில் ஒருவரை ஏற்கெனவே இழந்த தகப்பன். அந்த வீட்டின் இரவுகளை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. நானும் ஒரு மகளைப் பெற்றவன்.

செய்தி பரவியது. 2003இல் முகம் தெரியாத மனிதர்கள் பணம் அனுப்பினார்கள். அவர்களோடு 232ஆம் விமானத்தில் பிழைத்தவர்களும் அனுப்பினார்கள். சோள வயலில் கவிழ்ந்த விமானத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தவர்கள், கேப்டனின் மகள் பிழைக்க வேண்டும் என்று கை கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். அன்று விமானி அறையில் "அவரை வரச் சொல்லுங்கள்" என்று சொன்ன மனிதருக்கு, உதவியை வாங்கிக்கொள்வது கௌரவக் குறைவாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். சிகிச்சை நடந்தது. மகள் பிழைத்தார்.

2019 ஆகஸ்ட் 25 அன்று, 88 வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது ஹேன்ஸ் காலமானார்.

அவரைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்ததை வைத்திருந்து இப்போது சொல்கிறேன். சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களில் 33 ஆண்டுகளுக்கு மேல் நடுவராக நின்றிருக்கிறார். முகத்தில் கம்பிக் கவசம் கட்டிக்கொண்டு, பந்து பிடிக்கும் பையனின் முதுகுக்குப் பின்னால் முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்கும் வேலை. வயதானவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அது போதாதென்று உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் மைதான அறிவிப்பாளர். ஓடுபாதையாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டுச் சிரித்த அதே குரல், மைதானத்து ஒலிபெருக்கியில், பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய பள்ளிக்கூடப் பையனின் பெயரை, அவனுடைய அம்மாவின் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.