காற்று வந்தாச்சு, காளைக்கு இன்னும் கத்திரி முடியவில்லை

வணக்கம் சொந்தங்களே. கொழுக்கட்டைப் புல் விதைப்பு வீடியோ அடுத்த வாரம்தான். இன்றைக்கு எரிச்சலில் பேசுகிறேன். சந்தையில் ஒரு அண்ணன், "உன் ஜெர்சிக் கலப்புக் காளைக்குச் சத்துப் போயிருச்சு, வித்துரு கண்ணு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஆனி பிறந்து காற்று வீசுகிறது, உடம்புக்குக் குளுகுளு என்று இருக்கிறது, ஆனால் இப்போது அதற்குச் சேர்த்த மாடுகள் நிறைய சினை நிற்காமல் திரும்பப் பருவத்துக்கு வந்துவிட்டன. பக்கத்திலேயே நிற்கிற நம்ம மயிலைப் பூச்சிக்காளைக்கு, அதாவது இனச்சேர்க்கைக்கு வைத்திருக்கிற சாம்பல் நிற நாட்டுக்காளைக்கு, சேர்த்தவை பெரும்பாலும் சினை நின்றிருக்கின்றன. உடனே ஜெர்சி மேல் பழி.

காளைக்கு விந்தணு ஒரே நாளில் ஊறி வருவதில்லை. விதைக்குள், அதாவது விரைக்குள், அது உருவாக 61 நாள். அப்புறம் முதிர்ந்து வெளியே வர இன்னும் 10 நாள் போல. இன்றைக்கு வெளிவருவது சித்திரையில் வளர ஆரம்பித்தது. கத்திரி வெயிலில் வெந்தது எல்லாம் ஆடி வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓட்டம் குறைந்திருக்கும், தலை கோணியிருக்கும், வால் சுருண்டிருக்கும். காற்று வீசினதும் சரியாகிவிட இது வியர்வையா?

சரி, இப்போது நம்ம புது ஆயுதம். காளையின் உடம்புச் சூடு 38.5 டிகிரி என்றால் விதை அதைவிட 2 முதல் 6 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதைத் தொடாமல் பார்க்கத்தான் இந்தச் சூடு பார்க்கிற துப்பாக்கி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். முதலில் மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு நெற்றியில் காட்டுகிற துப்பாக்கியை என் தலையில் கட்டினார்கள். விதைப்பையில் காட்டினால் 'லோ', 'லோ' என்றே வருகிறது. அது 32 டிகிரிக்குக் கீழே காட்டாதாம்! திருப்பிக் கொடுக்கப் போனால் டப்பாவைப் பிரித்துவிட்டீர்கள் என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிங்க காளைக்குக் காட்டுவது? அப்புறம் ஹார்டுவேர் கடையில் மோட்டார் சூடு பார்க்கிற துப்பாக்கி. 1,100 சொன்னார், 850க்கு முடித்தேன், பேட்டரியும் அவர் தலையில். எனக்கு அன்றைக்கெல்லாம் சாப்பாடு இனித்தது.

ஒன்றை விட்டுவிட்டேன். சிவப்புப் புள்ளி விழும், அதைக் கண்ணில் அடித்துவிடாதீர்கள், மாட்டுக்கும் சரி மனிதருக்கும் சரி. விதைப்பையில் சாணி ஒட்டியிருந்தால் துடைத்து, காய்ந்த பிறகு நிழலில் வைத்துப் பாருங்கள்.

மேலே காட்டினால் ஒரு அளவு, அடியில் காட்டினால் அதைவிடக் குறைவு. அப்படித்தான் இறங்க வேண்டும். மயிலைக்கு உச்சி வெயிலிலும் அழகாக இறங்குகிறது. ஜெர்சிக்கு மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒன்று.

காரணம் உள்ளே இருக்கிறது. விதைக்குப் போகிற சூடான ரத்தமும், திரும்பி வருகிற ஆறின ரத்தமும் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடும், போகிறது வழியிலேயே ஆறும். திமில் உள்ள நாட்டினத்தில் அந்தத் தமனி நீளம், சுவர் மெலிசு, சிரையும் நெருக்கம். வியர்வையும் நன்றாக வரும், கழுத்தடியில் தொங்குகிற அலைதாடியும் சூட்டைக் கழிக்கும். கிர், சாகிவால், காங்கேயம் எல்லாம் இந்த வகை. ஹோல்ஸ்டீன் குளிர்ச் சீமையில் உருவானது, வெயில் கண்டால் முதலில் சோர்வது அதுதான். ஜெர்சி கொஞ்சம் தாங்கும். கலப்புக் காளை நடுவில் நிற்கும், எவ்வளவு நாட்டு ரத்தம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் எனக்கு மயிலை மேல் அவ்வளவு பிரியம், மறைக்கவில்லை. ஆனால் நாட்டுக்காளை என்று பொட்டல் வெயிலில் கட்டினால் அதற்கும் அடிதான்.

"அப்போ சினை ஊசிக்கும் இந்த வெயில் பாதிப்பு உண்டா?" என்று கேட்பீர்கள். உறைவிந்து நிலையத்தில் விந்தை உருக்கிப் பார்த்து, பாதி அணுவாவது ஓடினால்தான் வெளியே விடுவார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கிற உறைவிந்துக் குச்சிக்கு வைகாசியும் மார்கழியும் ஒன்றுதான். ஊசி போடுகிறவர் குச்சியை 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி உருக்குகிறாரா என்று மட்டும் பாருங்கள். சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் எனக்குக் கோபம் வரும். அப்புறம், மாடும் அதே வெயிலில்தான் நின்றது. கரு தங்காததற்கு அதுவும் காரணமாக இருக்கும்.

ஜெர்சியை நான் விற்கவில்லை. போன வீடியோவில் பார்த்த ஓலைக் கொட்டகைக்கு அதை மாற்றியாச்சு, காலையும் சாயங்காலமும் தண்ணீர் அடிக்கிறேன். ஆடி முடிகிறவரை மாடு சேர்ப்பதில்லை, கேட்டு வருகிறவர்களை மயிலைக்கு அனுப்புகிறேன். ஆவணியில் டாக்டரை வைத்து விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, அந்த வீடியோவையும் போடுகிறேன், நல்லதோ கெட்டதோ. சந்தை அண்ணா, நீங்களும் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதுவரைக்கும் காளைக்கு விலை கேட்காதீர்கள்.