இலங்கை மறைத்த கரை

பெரியோர்களே, தாய்மார்களே, வலையை உலர்த்திப்போட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உவரித் தம்பிமார்களே, வணக்கம்.

"சுனாமி நம்ம பக்கம் பெருசா ஒண்ணும் பண்ணலையே" என்று இந்தக் கரையில் சொல்லாத ஆள் இல்லை. திருச்செந்தூரில் கேட்டால் முருகன் காத்தான் என்பார்கள், இங்கே அந்தோணியார் காத்தார் என்பீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அன்றைக்கு நமக்கு முன்னால் இலங்கையும் நின்றது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரத்துக்குக் காலை 6.28-க்கு சுமத்திராவை ஒட்டிக் கடலடியில் நிலம் உடைந்தது. அளவு 9.1. உடைப்பு அந்தமான் வரை வடக்கே ஓடியதால், அலையின் முழு வீச்சும் கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே நேரெதிரில் இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் போனார்கள். இலங்கையின் மறைவில் இருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் சாவு ஒற்றை இலக்கத்தோடு நின்றது. அதே அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து போய்க் கொளச்சலை அடித்தது. மணக்குடியில் பாலத்தையே பெயர்த்தது. குமரி மாவட்டத்தில் இறந்தவர்கள் எண்ணூறை ஒட்டி. மணக்குடிக்கும் நம் கூட்டப்புளிக்கும் எவ்வளவு தூரம்? பைக்கில் போனால் முக்கால் மணி நேரம்.

இது முதல் தடவையும் இல்லை. 1881 டிசம்பர் 31-ல் கார் நிகோபார் பக்கம் நிலம் நடுங்கி எழுந்த அலை, நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவியில் ஒரு மீட்டர் அளவுக்குப் பதிவானது. 1883-ல் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோதும் நம் கரைக்கு அலை வந்தது. சின்ன அலைகள், மறந்துவிட்டோம். சுமத்திராவுக்குப் பக்கத்தில் சிமியுலுவே என்று ஒரு தீவு. 1907-ல் அடிபட்டவர்கள், அதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004-ல் நிலம் ஆடியதும் எல்லோரும் மலையேறிவிட்டார்கள். முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தில் அலைக்குப் பலியானவர்கள் ஏழே பேர். நாமோ கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். கடல் ஏறினால் எந்தத் தெரு வழியாக மேட்டுக்கு ஓடுவது என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் இந்தத் திருச்செந்தூர் விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல் உள்வாங்கும். பாசி பிடித்த பாறையெல்லாம் வெளியே தெரியும். ஜனங்கள் அதில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிதான்! வழக்கமான வத்தம் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். சுனாமிக்கு வத்துவது நிமிஷக் கணக்கு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நங்கூரம் போட்ட வள்ளம் தரை தட்டும். வத்தாமலே கடல் ஏறி வரவும் செய்யும், அதையும் மறக்கக் கூடாது.

சுமத்திராவில் நிலம் ஆடினால் நம் காலுக்குத் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் ஹைதராபாத்தில் 2007-ல் எச்சரிக்கை மையம் வைத்தார்கள். 2012 ஏப்ரல் 11-ல் 8.6 அளவில் ஆடியதும் எச்சரிக்கை வந்தது, கரையோர ஜனம் ஓடியது, பெரிய அலை வரவில்லை. "சும்மா ஓட விட்டானுங்க" என்று இன்றும் சிலருக்குக் கோபம். அந்தத் தடவை கடலடிப் பாறை பக்கவாட்டில் நழுவியது, தண்ணீரைத் தூக்கவில்லை. அது எச்சரிக்கை கொடுக்கிற நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது, ஓடத்தான் வேண்டும்.

ஆழ்கடலில் இருப்பவர்கள் கரைக்குத் திரும்பாதீர்கள். அங்கே அலை ஒரு மீட்டர்கூட உயராது, வள்ளத்துக்கே தெரியாது. கரையில் இருப்பவர்கள் முதல் அலை போனதும் வலையை எடுக்க இறங்காதீர்கள், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு எல்லோரும் நடந்து பார்ப்போம். வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். அவர்களோடு போனால் எத்தனை நிமிஷம் ஆகிறது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.