டிராக்டர் என்றா சொன்னீர்கள்?

நடுவர் ஐயாவுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், பின்னால் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். வாழ்த்துரை இத்தோடு போதும்.

போர் விமான வடிவமைப்பில் விஞ்சி நிற்பது அமெரிக்காவா, ரஷ்யாவா என்பது தலைப்பு. நான் ரஷ்யாவுக்காகப் பேச வந்தவன். வேகம், ரேடார், ஏவுகணை என்று நாலு தாளில் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார் பாருங்கள், அதைக் கேட்டதும் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். என்ன சொன்னார்? "ரஷ்யாக்காரன் செய்வது விமானமே இல்லை, இறக்கை முளைத்த டிராக்டர். வெளியே ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கும், உள்ளே பிரித்தால் தாத்தா காலத்து வால்வு ரேடியோ இருக்கும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி, நீங்கள் சொன்னது பொய்யில்லை. நீங்கள் சொன்ன விமானம் சோவியத் காலத்து மிக்-25. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

1976 செப்டம்பர் 6. சோவியத் நாட்டின் தூரக் கிழக்கில் சுகுயேவ்கா என்ற இடத்துத் தளத்திலிருந்து விக்டர் பெலென்கோ என்ற 29 வயது விமானி பயிற்சிக்காகக் கிளம்புகிறார். கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் திடீரென்று கீழே இறங்குகிறார், கடல் அலையைத் தொடுகிற மாதிரி. ரேடார் கண்ணில் படக்கூடாதே! திசை ஜப்பான். அங்கே போனால் ஒரே மேகமூட்டம், தேடி வந்த ராணுவத் தளம் கண்ணில் படவில்லை, எரிபொருளோ தீர்ந்துகொண்டே வருகிறது. ஒரு இடைவெளியில் ஹகோடாதே ஊர் விமான நிலையம் தெரிகிறது. பயணிகள் வந்துபோகிற சாதாரண விமான நிலையம். இறங்கலாம் என்று வந்தால் அதே நேரம் ஒரு பயணிகள் விமானம் எதிரே கிளம்புகிறது. சுற்றி வந்து, இந்தப் பெரிய விமானத்துக்குப் போதாத அந்தக் குட்டி ஓடுபாதையில் இறக்கி, பாதையைத் தாண்டி மண்ணில் ஓடி, முன்சக்கரம் வெடித்து நின்றது வண்டி. எரிபொருள் இன்னும் அரை நிமிடத்துக்குத்தான் இருந்ததாம். அரை நிமிடம்! நான் மூச்சு விட்டுத் தண்ணீர் குடிக்கிற நேரம்.

அமெரிக்க நிபுணர்கள் ஓடி வந்தார்கள். வராமல் இருப்பார்களா? 1967-இல் மாஸ்கோ பக்கத்தில் தொமொதேதொவோ கண்காட்சியில் இந்த விமானத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர்களுக்குத் தூக்கமில்லை. இவ்வளவு பெரிய இறக்கை, இவ்வளவு பெரிய காற்றுவாய், அப்படியென்றால் இது வேகமாகவும் போகும், சுழன்று சுழன்று சண்டையும் போடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது கையில் கிடைத்துவிட்டது, பிரித்தார்கள். டைட்டானியம் இருக்கும் என்று பார்த்தால் பெரும்பகுதி நிக்கல் கலந்த எஃகு. நவீன சில்லுகள் இருக்கும் என்று பார்த்தால் வால்வு, பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழல். சில இடங்களில் தம்பி சொன்ன அந்த ஆணித்தலைகள். இவ்வளவுதானா என்று சிரித்தார்கள். தம்பி கதையை நிறுத்திய இடம் இதுதான்.

இப்போது அதே கதையை இன்னொரு தடவை சொல்கிறேன். பிரித்தவர்கள் பக்கத்திலிருந்து கேட்டது போதும், கட்டியவர்கள் பக்கம் வந்து நில்லுங்கள்.

அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன? ஒலியைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான வேகத்தில், யாரும் எட்டாத உயரத்தில் ஏறிப்போய் எதிரியின் குண்டுவீச்சு விமானத்தை மறிக்க வேண்டும். அந்த வேகத்தில் காற்று உரசியே விமானத்தின் தோல் கொதிக்கும், அலுமினியம் இளகிவிடும். டைட்டானியம் தாங்கும், ஆனால் அதைப் பற்றவைப்பது பெரும்பாடு. எஃகு என்றால் வெல்டிங் தெரிந்தவன் போதும், விரிசல் விட்டால் பனிக்காட்டுத் தளத்திலேயே மறுபடி பற்றவைத்துவிடலாம். ஆகவே எஃகு. வால்வு எதற்கு? அந்த ரேடாரின் திறன் 600 கிலோவாட். எதிரி குழப்பும் அலைகளை அனுப்பினால் அதையும் எரித்துக்கொண்டு ஊடுருவிப் பார்க்கிற பலம் அது. கடுங்குளிரிலும் வால்வு வேலை செய்யும், ஒன்று போனால் கழற்றி இன்னொன்று மாட்டலாம். சரி, ஆணித்தலை? காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடங்களில் மட்டும் அதை அப்படியே விட்டிருந்தார்கள். இடைஞ்சலாகும் இடத்தில் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அலட்சியத்தில் வந்தது இல்லை ஐயா அது. வீட்டில் இருக்கிற பருப்பையும் புளியையும் வைத்துப் பத்துப் பேருக்குப் பசியாற்றுகிற அம்மாவின் கணக்கு அது.

கடைசியில், பிரித்தவர்கள் அந்த விமானத்தை ஜப்பானிலிருந்து 30 பெட்டிகளில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பிரித்ததும் அவர்கள், அடைத்ததும் அவர்கள், ஆனால் பெட்டி கட்டிய செலவு, விமான நிலையத்துக்கு ஆன சேதம் என்று 40,000 டாலருக்குச் சோவியத் நாட்டுக்கு பில்லும் போனது!

இதே டிராக்டரின் மேம்படுத்திய வடிவத்தில்தான் மறு வருஷம், 1977 ஆகஸ்ட் 31 அன்று, அலெக்சாந்தர் ஃபெதோதவ் என்ற சோதனை விமானி 37,650 மீட்டர் உயரம் தொட்டார். ஓடுபாதையில் ஓடி எழும்பி, காற்றைக் குடித்து ஓடும் ஜெட் எஞ்சினோடு அதற்கு மேலே இன்றுவரை யாரும் போகவில்லை. 1991 ஜனவரி 17, வளைகுடாப் போரின் முதல் இரவில், ஈராக்கின் மிக்-25 ஒன்று அமெரிக்காவின் எஃப்/ஏ-18 விமானத்தை வீழ்த்தியது. அதுவும் இதே டிராக்டர்தான்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவின் எஃப்-15 பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசினார். நூறுக்கு மேல் வீழ்த்தியது, வானச் சண்டையில் எதிரியிடம் ஒன்றையும் இழக்கவில்லை என்றார். அந்த விமானத்தின் அருமையை நான் மறுக்கமாட்டேன். மிக்-25 சுழன்று சண்டை போடும் விமானம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எஃப்-15-ஐ அவ்வளவு வலுவாகக் கட்டவைத்தது எது? மிக்-25 மீது வைத்திருந்த பயம்! டிராக்டரைப் பார்த்துப் பயந்து பிறந்த பிள்ளையைத்தான் நீங்கள் இவ்வளவு நேரம் தாலாட்டினீர்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மணி அடித்துவிடுவார்கள். ரேடாரில் சிக்காத விமானம் என்று எஃப்-117-ஐச் சொன்னீர்கள். ரேடார் அலை ஒரு விளிம்பில் பட்டு எப்படிச் சிதறும் என்ற கணக்கை 1962-லேயே எழுதி வைத்தவர் பியோத்தர் உஃபிம்த்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர். அதன் மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் லாக்ஹீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்த விமானத்தின் உருவத்தைக் கணக்கிட்டார்கள். அதைக் கட்டிப் பறக்கவிட்டது அமெரிக்காவின் கெட்டிக்காரத்தனம், அதை நான் மறைக்கவில்லை.

அப்புறம் மிக்-29. அந்த விமானம் ஓடுபாதையில் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்வார்கள். எஞ்சினின் பெரிய வாயைக் கதவு போட்டு மூடிக்கொள்ளும். இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் மேலே பலகணி மாதிரி வரிசையாகத் திறப்புகள் விரியும், அதன் வழியாகத்தான் மூச்சு. எதற்கு? தரையில் கிடக்கும் கல், மண் எதுவும் எஞ்சினுக்குள் போகக்கூடாது. எஃப்-16-க்கு வாய் வயிற்றுக்கடியில் திறந்தே இருக்கும். அதனால்தான் அமெரிக்கத் தளங்களில் ஆட்கள் தோளோடு தோள் வரிசையாக நடந்து, அரிசியில் பொறுக்குவது மாதிரி கல் பொறுக்குவார்கள். ஒருவர் ஓடுபாதை சுத்தமாக இருக்கும் என்று நம்பி விமானம் செய்கிறார், இன்னொருவர் போர் வந்தால் ஓடுபாதை எப்படிக் கிடக்கும் என்று யோசித்துச் செய்கிறார்.

ஜெர்மனி ஒன்றான பிறகு கிழக்கு ஜெர்மனியின் 24 மிக்-29 விமானங்கள், அமெரிக்கா இருக்கும் நேட்டோ கூட்டணியின் கைக்கு வந்தன. ஓட்டிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். விமானி தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், தலைக்கவசம் காட்டும் இடத்தை ஏவுகணை பிடித்துக்கொள்ளும். அதற்கு இணையான தலைக்கவசம், ஏவுகணை ஜோடி அமெரிக்கப் படையில் முழுதாக வந்து சேர 2000-க்கு மேல் ஆனது.

சரி, இன்னொரு வார்த்தை. அதற்குத்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது. மிக்-21-ஐப் "பறக்கும் சவப்பெட்டி" என்றார்கள். நம் விமானப்படையில் அதில் போன உயிர்கள் நிறைய, அதை லேசாகப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரை தொடுகிற விமானம் அது. உயர்நிலைப் பயிற்சிக்கு ஹாக் என்ற ஜெட் விமானம் நமக்கு வந்ததே 2008-இல்தான். அதுவரை இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பிள்ளைகள் வேகம் குறைந்த பயிற்சி விமானங்களிலிருந்து இதில் ஏறினார்கள். பழியை முழுக்க இரும்பின் தலையில் போடாதீர்கள்.

என் தாய்மாமா விமானப்படையில் மிக்-21 பராமரிப்பில் இருந்தவர். பஞ்சாப் பக்கம் ஒரு தளம். விமானி ஏறி உட்கார்ந்ததும் ஏணியில் நின்று பட்டை மாட்டிவிடுவது, இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை உருவி, விமானி எண்ணிப் பார்க்கிற மாதிரி மேலே தூக்கிக் காட்டுவது, இதெல்லாம் அவர் வேலை. அந்த ஊசிகளில் சிவப்பு நாடா தொங்கும். விமானம் கிளம்பியபின் அதைக் கையிலேயே வைத்திருப்பாராம், திரும்பி வந்ததும் மறுபடி செருக வேண்டுமே.

ஒரு ஜனவரி மாதம், காலையில் நாலு கிளம்பியது, மூன்றுதான் திரும்பியது. மாமா ஊசி உருவிய விமானம் வரவில்லை. பருந்து மோதி எஞ்சின் நின்றுவிட்டது, விமானி குதித்துவிட்டார் என்று மட்டும் தகவல். உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா சாப்பிடப் போகவில்லை, அந்த நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். சாயங்காலம், வெளிச்சம் போகிற நேரத்தில், வெளி வாசலில் ஒரு சத்தம். கடுகு வயலில் விழுந்த அந்தப் பையனை ஒரு சர்தார்ஜி விவசாயி கம்பளி போர்த்திக் கூட்டி வந்திருந்தார். எதில் தெரியுமா தம்பி? டிராக்டரில்.

நீங்கள் டிராக்டர் என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மாமா முகம்தான் ஞாபகம் வந்தது.

2025 செப்டம்பர் 26, சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தார்கள். 1963-இல் வந்தது, 62 வருஷம். மாமா இப்போது நடக்கவே சிரமப்படுகிறார். டிவியில் அந்தக் கடைசி விமானங்கள் இறங்கி ஓடி வந்து நின்றதும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெறும் கையை மேலே தூக்கினார், ஊசியைக் காட்டுவது மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அத்தை வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். நான் உட்காருகிறேன்.